முதலீட்டுக்கு முந்தியது மண்ணுரிமை

(மணப்பாட்டுக் கடற்கரை மக்கள்முன் நிகழ்த்துதற்கென எழுதப்பெற்ற உரை)

   

மணற்பாடு என்பதே மணப்பாடு என மருவிற்று என்பர். கடலும் காற்றும் கருமேனியாறும் கூடிக் குவித்த மணலே இவ்வூரின் நிலம். அம் மணல்மேட்டின் முடியில் 1581-ஆம் ஆண்டில் எழுந்த திருச்சிலுவைக் கோயில் நிற்கிறது. மேட்டின் கடல்முகத்தில், 1542-ஆம் ஆண்டில் இக்கரைக்கு வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லப்பெறும் குகை உள்ளது. கோயிலுக்கு ஆண்டு சொல்ல ஆவணம் உண்டு. குகைக்கும் வரலாறு உண்டு. ஆனால் அம் மேட்டின் அடியில் வள்ளங்களை ஏற்றி வைக்கும் கரைக்கும், வலை உலர்த்தும் மணலுக்கும், கருவாடு காயும் வெளிக்கும், கரைமடி இழுப்பார் காலூன்றும் நிலத்திற்கும் என்ன ஆவணம் உண்டு? இத்தகைய கரைகட்கு வருவாய்த்துறைக் கணக்கு பெரும்பாலும் தரும் விடை ஒரே சொல்தான்: புறம்போக்கு.

இச் சொல்லின் பொருளை முதற்கண் தெளிந்துகொள்ளல் வேண்டும். புறம்போக்கு என்பது தீர்வைக்குப் புறமாக விடப்பட்ட நிலம். ஊர் முழுவதும் ஆண்டு அனுபவிப்பதால் ஒருவன் பெயரில் வரி போடுதற்கு ஒவ்வாதென்று விலக்கி வைக்கப்பட்டது அது. மேய்ச்சல் நிலமும், சுடுகாடும், களமும், ஏரியும், கடற்கரையும் இவ்வகையின. வரிக்குப் புறம் என்றுதான் அச்சொல் சொல்லிற்றே யன்றி, மக்களுக்குப் புறம் என்று சொல்லவில்லை. ஆயினும் ஆட்சியாளர் நாவில் அச்சொல் கெட்டது. வரியில்லாத நிலம் உரியவரில்லாத நிலம் ஆயிற்று. உரியவரில்லாத நிலம் அரசின் நிலம் ஆயிற்று. அரசின் நிலம் முதலீட்டாளர் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் நிலம் ஆயிற்று. ஒரு சொல்லின் பொருள் திரிந்ததால் ஊரின் உடைமை கைமாறிற்று.

இத் திரிபு சட்டமாகவே நின்றது. சென்னை மாகாண ஆட்சியில் 1905-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நில வன்கவர்வுச் சட்டம், சாலை, தெரு, ஆறு, ஏரி ஆகியவற்றோடு, உயரலைக் கோட்டுக்குக் கீழுள்ள கடற்படுகை, துறைமுகப் படுகை, கழிப்படுகை ஆகியவற்றையும் அரசின் உடைமை என அறிவித்தது. ஆங்கிலேயர் கப்பலேறிப் போயினர், அச்சட்டம் போகவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கரையில் வாழ்ந்தவனை 'வன்கவர்ந்தவன்' என்று அழைக்கும் வாய்ப்பை அது இன்றும் அலுவலர் கையில் வைத்திருக்கிறது.

கடலுக்குள் நடந்தது இதனினும் பழைய கதை. பொருநை கடலொடு கலந்த இடத்திலிருந்த கொற்கையின் முத்து உலகறிந்தது. எரித்திரேயக் கடல் வழிநூல் எழுதிய கிரேக்க வணிகன், கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகளே ஈடுபடுத்தப்பட்டனர் என்று குறித்துள்ளான். கடலில் மூழ்கியவன் ஒருவன், முத்துக்கு உரியவன் வேறொருவன் என்னும் முறை அன்றே வேரூன்றிவிட்டது. 1530-களில் பரதவர் போர்த்துக்கீசியரின் காப்பை நாடி, ஆயிரக்கணக்கில் கிறித்தவ நெறி ஏற்றனர். காப்பளித்தவர்களே முத்துப்பாரின் ஊதியத்தையும் பங்கிட்டுக்கொண்டனர். 1658-இல் தூத்துக்குடி ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. பின்னர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்த முத்துக்குளிப்புகளில் அரசுக்கு இரு பங்கு, குளியாளுக்கு ஒரு பங்கு என்பதே பங்கீடு. மூச்சடக்கி உயிரைப் பணயம் வைத்தவனுக்கு மூன்றில் ஒன்று. கரையில் அமர்ந்து எண்ணியவனுக்கு மூன்றில் இரண்டு!

சங்கின் வரலாறும் அத்தகையதே. 1904-ஆம் ஆண்டில் சென்னை உயர் வழக்குமன்றம், பாக்கு நீரிணையில் இராமநாதபுரம் நிலக்கிழாரின் சங்குப்பாரிலிருந்து இசைவின்றிச் சங்கெடுத்தல் திருட்டாகும் எனத் தீர்ப்பளித்தது. கடலுக்கடியில் உள்ள பார் ஒருவரின் உடைமையாகலாம் என்பதை வழக்குமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அவ்வுடைமை மூழ்கி எடுத்தவனுக்கு உரியதாகலாம் என்னும் எண்ணம் எவர்க்கும் தோன்றவில்லை. தூத்துக்குடியின் கடைசிப் பெரும் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டில் முடிந்தது. முத்து போயிற்று, முத்தை யாருக்கோ உரியதாக்கிய முறை போகவில்லை. அம் முறைதான் இன்று வேறு பெயர்களோடு கரையேறி வருகிறது.

இன்றைய நிலையைப் பார்ப்போம் என்று சொல்வோர் முதலில் சுட்டுவது ஏவூர்தித் தளத்தை. 2024-ஆம் ஆண்டு பிப்பிரவரி 28-ஆம் நாள் இந்தியத் தலைமை அமைச்சர் தூத்துக்குடியில், குலசேகரன்பட்டினம் ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டினார். ஏறத்தாழ 986 கோடி உருபா மதிப்பீட்டில் அமையும் அதற்கு 2,200 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் ஒதுக்கப்பட்டது. தளத்தின் பெயர் குலசேகரன்பட்டினம் எனினும், நிலங்கள் மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சி ஆகிய ஊர்களைச் சார்ந்தவை. அவை மணப்பாட்டுக்கு அண்டை ஊர்கள். இக்கரை தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் கரணியம் தெளிவானது. சிறீஅரிக்கோட்டையிலிருந்து தென்முனை நோக்கிச் செலுத்தும் ஏவூர்தி இலங்கைத் தீவைச் சுற்றி வளைந்து செல்லவேண்டும். அதனால் எரிபொருள் வீணாகிறது. இங்கிருந்து செலுத்தினால் நேர் தெற்கே கடல் மட்டுமே உண்டு. அறிவியலர்க்கு அது வெற்றுக் கடல். மணப்பாட்டாருக்கோ அது சீலாவும் சிங்கியிறாலும் தரும் உழவு நிலம்.

அறிவியலைத் தூற்றுதல் இவ்வுரையின் நோக்கமன்று. தமிழ் மண்ணிலிருந்து கோள்கள் விண்ணேறுதல் பெருமைக்குரியதே. கேட்கவேண்டிய வினா வேறு. ஏவும் நாளில் எத்தனை கடற்கல் தொலைவுக்குக் கடல் மூடப்படும்? ஆண்டில் எத்தனை நாள் மூடப்படும்? அந் நாள்களுக்கான இழப்பீடு எவ்வளவு? அதை எவர் கணக்கிடுவர்? ஏற்கெனவே கிழக்குக் கரையில் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகட்குத் தடை உள்ளது. புயலெச்சரிக்கையும் வாடைக்காற்றும் வள்ளங்களின் நாள்களையும் தின்கின்றன. எஞ்சிய நாள்களில்தான் பிழைப்பு. இவ் வினாக்கட்கு விடை திட்டத்தின் முதற்பக்கத்தில் இருக்கவேண்டும். ஏவூர்தி ஏறிய பின் கண்டறியப்படும் விடையாக இருத்தல் கூடாது.

அதுவன்றி, உடன்குடியில் 660 பெருவலி வீதம் இரண்டு பிரிவுகள் கொண்ட அனல்மின் நிலையத் திட்டமும், அதற்கு நிலக்கரி இறக்கக் கல்லாமொழிக் கடலுக்குள் நீண்ட இறங்குபாலமும் உள்ளன. 2024-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் நடுவணமைச்சரவை, தமிழகக் கடலில் 500 பெருவலி காற்றாலைத் திட்டத்திற்கு நிதியுதவி ஒப்பியது. ஒவ்வொரு திட்டமும் தனித்தனியே ஆராயப்படுகிறது. ஒவ்வொன்றின் அறிக்கையும் 'சிறிதளவு பாதிப்பு' என்றே முடிகிறது. சிறிது சிறிதாக வெட்டப்பட்டவை எல்லாம் ஒரே உடலின் உறுப்புகள் என்பதை எந்த அறிக்கையும் எழுதுவதில்லை.

நிலம் எடுக்கப்படும்பொழுது உரியவர் என மதிக்கப்படுபவர் யார்? பட்டா உள்ளவர். அவர்க்கு இழப்பீடு உண்டு; அது போதுமா போதாதா என்பது வேறு வழக்கு. ஆனால் தேரியில் பிறர் பனையைப் பாட்டத்திற்கு எடுத்து, ஆண்டில் சில மாதங்கள் ஏறியிறங்கி, பதனீர் காய்ச்சிக் கருப்பட்டி வார்க்கும் தொழிலாளிக்குப் பட்டா இல்லை. 2023-இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பண்டத்திற்குப் பெயர் பதிவாயிற்று, அதைக் காய்ச்சியவன் பெயர் எந்த நிலக்கணக்கிலும் பதிவாகவில்லை. மீனவனுக்குக் கரையில் பட்டா இல்லை. கடலில் இருக்கவே முடியாது. மீன் விற்கும் பெண்ணுக்கு அவள் கூடை வைக்கும் இடங்கூட எழுத்தில் இல்லை. ஆக, ஒரே திட்டத்தால் நால்வர் பிழைப்பிழக்கின்றனர். கணக்கில் வருபவர் ஒருவரே.

சட்டத்தில் இதற்கு வழியே இல்லையா எனின், உண்டு. 1894-ஆம் ஆண்டின் பழைய நிலமெடுப்புச் சட்டத்தை நீக்கி 2013-இல் இயற்றப்பட்டு, 2014 சனவரி முதல் நாள் செயலுக்கு வந்த சட்டம், 'பாதிப்புறும் குடும்பம்' என்பதற்கு விரிந்த விளக்கம் தருகிறது. நீர்நிலைகளைச் சார்ந்து வாழும் மீனவரும் படகோட்டிகளும், நிலம் எடுப்பதால் அவர்தம் பிழைப்புத் தாக்குறுமாயின், பாதிப்புற்றவரே என அது கூறுகிறது. குத்தகையாளரும் உழைப்பாளரும் அவ்வாறே. நிலம் எடுக்குமுன் குமுகத் தாக்க மதிப்பீடு செய்தல் வேண்டும். ஊரவையைக் கலந்தல் வேண்டும். தனியார் திட்டமாயின் நூற்றுக்கு எண்பது குடும்பங்கள் இசைதல் வேண்டும். வாயிலைத் திறந்தது அச்சட்டம்.

தமிழக அரசு அவ் வாயிலுக்குப் பக்கத்தில் வேறொரு வழி வெட்டிற்று. தொழில்களுக்காக நிலம் எடுக்கும் 1997-ஆம் ஆண்டுச் சட்டம், 2001-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் முதலியவற்றைப் புதிய சட்டத்தின் கட்டுப்பாட்டிலிருந்து 2014-இல் விலக்கிக்கொண்டது. 2019 சூலையில் சென்னை உயர் வழக்குமன்றம் அவ்விலக்கைச் செல்லாது என்றது. அதே ஆண்டில் அரசு மீண்டும் ஒரு சட்டம் இயற்றிப் பழையனவற்றிற்கு உயிரூட்டியது. 2021 சூனில் உச்ச வழக்குமன்றம் அதனை ஒப்பியது. 2023-இல் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் வந்தது. நூறு எக்டேருக்குக் குறையாத திட்டப்பரப்பிற்குள் ஏரியும் ஓடையும் இருந்தாலும் நிலத்தை ஒன்றுசேர்த்துக் கொடுக்க அது வழி செய்கிறது. சென்னையில் கட்சிகள் மாறின. இவ் வழி மாறவில்லை. தில்லியை மட்டும் குறைகூறித் தமிழகக் கோட்டையைக் காத்தல் நேர்மையாகாது.

இனி, கடல் கடந்து ஆப்பிரிக்காவைப் பார்த்தல் பயன் தரும். 2003-ஆம் ஆண்டு மொசாம்பிக்குத் தலைநகர் மபுதோவில் கூடிய ஆப்பிரிக்க நாட்டுத் தலைவர்கள், அரசுச் செலவில் நூற்றுக்குப் பத்து வேளாண்மைக்கு ஒதுக்குவதாக உறுதி பூண்டனர். நாடுதோறும் வேளாண் முதலீட்டுத் திட்டங்கள் வரையப்பெற்றன. விதை, உரம், சாலை, சந்தை, கடன் எல்லாம் அத் திட்டங்களில் இருந்தன. நிலம் யாருடையது என்னும் வினாவுக்கு உரிய இடம் அவற்றில் இல்லை. நிலம் அரசினது, அரசு கொடுக்கும், முதலாளி எடுப்பான் என்பதே எழுதப்படாத கருத்து.

விளைவு விரைவில் வந்தது. 2008 நவம்பரில், மடகாசுகர் அரசு தென்கொரிய நிறுவனம் ஒன்றுக்கு 13 இலக்கம் எக்டேர் நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்போகிறது எனும் செய்தி வெளியாயிற்று. அந்நாட்டின் விளைநிலத்தில் ஏறத்தாழப் பாதி அது. மக்கள் கொதித்தனர். 2009 மார்ச்சில் அந்த ஆட்சியே வீழ்ந்தது. புதிய ஆட்சி அவ் வொப்பந்தத்தை நீக்கிற்று. எத்தியோப்பியாவின் காம்பெல்லாப் பகுதியில் 2010-இல் ஓர் இந்திய நிறுவனம், பெங்களூரிலிருந்து சென்ற நிறுவனம், ஓர் இலக்கம் எக்டேர் குத்தகை பெற்றது. 'வெற்று நிலம்' என்றே அது காட்டப்பெற்றது. அங்கு அனுவாக்கு மக்கள் பயிரிட்டும் மீன்பிடித்தும் மேய்த்தும் வாழ்ந்தனர். வெள்ளம் எந்த மாதம் எந்த நிலத்தை மூடும் என்று அம் மக்களுக்குத் தெரியும், நிறுவனத்திற்குத் தெரியவில்லை. 2015-ஆம் ஆண்டின் இறுதியில் அக் குத்தகை நீக்கப்பட்டது. மக்களும் இழந்தனர், முதலிட்டவரும் இழந்தனர்.

பட்டறிந்த பின் ஆப்பிரிக்க ஒன்றியம் விழித்தது. 2009-இல் நிலக்கொள்கைக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றது. 2014-இல் பெருநில முதலீடுகட்கான நெறிமுறைகளை வகுத்தது. அதன் சாரம் இதுவே: முதலீட்டுத் திட்டம் வரையுமுன் நிலவுரிமை ஆராயப்படல் வேண்டும், வழக்காற்று உரிமைகள் எழுத்தில் இல்லாவிடினும் உரிமைகளே, பெண்களின் உரிமை தனியே பேணப்படல் வேண்டும். மொசாம்பிக்கின் 1997-ஆம் ஆண்டு நிலச்சட்டம் அதற்கு முன்பே வழிகாட்டியிருந்தது. நிலம் அரசினது என்றே அச்சட்டமும் சொல்கிறது. ஆயினும் வழக்காற்றுப்படி வாழும் ஊரார்க்கும், பத்தாண்டு நன்னோக்கோடு நிலத்தைப் பயன்படுத்தியவர்க்கும் தாளில்லாமலே உரிமை உண்டு என்கிறது. வாய்மொழிச் சான்றும் ஏற்கிறது. ஊர் எல்லையை ஊராரே வரைந்து பதியலாம் என்கிறது. சட்டம் இருந்தும் மீறல்கள் நிகழ்ந்தன என்பதும் உண்மை. எனினும் அச்சட்டத்தைப் பற்றிக்கொண்டு உழவர் போராடியதால், 2009-இல் சப்பானும் பிரேசிலும் சேர்ந்து தொடங்கிய பெரும் வேளாண் திட்டம் 2020-இல் கைவிடப்பட்டது.

வழக்காறு ஆப்பிரிக்காவுக்கே உரியதா? தமிழ்க் கரையில் இல்லையா? பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றே ஒரு முறை உண்டு. எந்த ஊரார், எந்த நாள், எந்த நீர்ப்பகுதியில் வலை கட்டுவது என்பதைக் குலுக்கலிட்டு முறைவைத்துப் பகிர்கின்றனர். எவரும் எழுதிக் கொடுக்காத அம் முறை தலைமுறைகளாக நிற்கிறது. முத்துக்குளித்துறை ஊர்களிலும் கரைமடி இழுக்கும் முறையும், வள்ளம் ஏற்றும் இடமும், வழக்கு தீர்க்கும் ஊர்க்குழுவும் உண்டு. இவை ஆட்சிமுறை அல்லவா? எழுதப்படாததால் மட்டும் இல்லாதவை ஆகுமா?

எழுத்தில் ஏறிய உரிமை நிற்கும் என்பதற்குத் தமிழகக் கடலே சான்று. 1970-களில் இழுவைப் படகுகள் கரைக்கு அருகே வந்து கட்டுமரக்காரரின் வலைகளை அறுத்தன. மோதல் நடந்தது, உயிர்கள் போயின. 1983-ஆம் ஆண்டில் தமிழகக் கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. கரையிலிருந்து மூன்று கடற்கல் வரை நாட்டுப் படகுகட்கு என்று அது வரையறுத்தது. அது முழுமையாகக் காக்கப்படுகிறதா என்பது வேறு. ஆனால் இன்று ஒரு கட்டுமரக்காரன் அலுவலர் முன் நின்று 'இது என் கடல்' என்று சொல்ல ஒரு வரி உண்டு. கரைக்கு அப்படி ஒரு வரி இல்லை. காட்டில் வாழ்வோர்க்கு 2006-ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் உண்டு; ஊரவை உரிமையை ஆராயலாம், முதியோரின் வாய்மொழியும் சான்றாகும். கடலில் வாழ்வோர்க்கு அதற்கு இணையான சட்டம் இன்றுவரை இல்லை.

இருப்பது கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை. 1991-இல் முதலில் வந்தது. 2011-இலும் 2019-இலும் மாற்றப்பட்டது. மக்கள் நெருங்கி வாழும் ஊரகக் கரைகளில் 200 மீட்டராக இருந்த கட்டுமானத் தடைப்பகுதி, 2019-இல் 50 மீட்டராகச் சுருங்கிற்று. இவ் வறிவிக்கையின்படி வரையப்படும் கடற்கரை மேலாண்மை வரைபடங்களில் மீனவ ஊர்களும், வலை உலர்த்துமிடம், மீன் காயவைக்குமிடம், படகு நிறுத்துமிடம் ஆகிய பொதுவிடங்களும் குறிக்கப்படல் வேண்டும். ஆனால் 2023-இல் தமிழகத்திற்கான வரைவுகள் வெளியானபொழுது, அவை விடுபட்டன என்று மீனவர் அமைப்புகள் முறையிட்டன. வரைபடத்தில் இல்லாத ஊர், திட்டம் வரையும் அறையில் இல்லாத ஊராகும். அங்குக் கடலும் மணலும் வெண்தாளாகத் தெரியும். வெண்தாளில் எவரும் எதையும் வரையலாம்.

இங்குதான் மொழியும் மண்ணும் ஒன்றாகின்றன. திட்ட அறிக்கை எம்மொழியில் இருக்கிறது? 2020-இல் நடுவணரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான புதிய வரைவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது. தில்லி உயர் வழக்குமன்றம் அவ்வாண்டு சூன் 30-ஆம் நாள், எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் பெயர்த்து வெளியிட ஆணையிட்டது. வழக்கு மன்றத்திற்குப் போய்த்தான் ஒரு குடி தன் மொழியில் தன் மண்ணைப் பற்றிப் படிக்கவேண்டியிருக்கிறது! புரியாத மொழியில் பெற்ற இசைவு இசைவாகாது. ஆயிரம் பக்க ஆங்கில அறிக்கைக்கு ஐந்து பக்கத் தமிழ்ச் சுருக்கம் கொடுத்துக் கைதூக்கச் சொல்லுதல், கண்ணைக் கட்டிக் கையெழுத்து வாங்குவது போன்றதே. தமிழில் முழு அறிக்கை கேட்டல் மொழிப்பற்று மட்டுமன்று. அது நிலவுரிமையின் முதற்படி.

விண்வெளித் துறையின் வரலாற்றிலேயே இரு படிப்பினைகள் உள. 1963 நவம்பர் 21-ஆம் நாள் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து முதல் ஏவூர்தி எழுந்தது. அது மீனவர் ஊர். அங்கிருந்த மகதலேனா மரியாள் கோயிலையே ஆயர் பெருந்தன்மையோடு கொடுத்தார். அக் கோயில் இன்று விண்வெளிக் காட்சியகமாக நிற்கிறது. அந் நிகழ்வில் மக்களிடம் கேட்கப்பட்டது என்பது நினைவில் கொள்ளத்தக்கது. சிறீஅரிக்கோட்டையிலோ 1969-க்குப் பின் தீவு முழுவதும் எடுக்கப்பட்டது. அங்கு வாழ்ந்த ஏனாதியர் தம் பழைய வாழ்வை இழந்தனர். நாடு முதற்கதையை மீண்டும் மீண்டும் சொல்லும், இரண்டாவதைச் சொல்வதில்லை. மணப்பாடு இவ் விரண்டில் எக்கதையாக எழுதப்படும் என்பது இன்னும் முடிவாகவில்லை.

இனிச் செயல். முதலாவது: திட்டம் முந்துவதற்கு முன் ஊர் தன்னை எழுதிக்கொள்ளல் வேண்டும். வள்ளம் ஏற்றுமிடம், கரைமடி இழுக்குமிடம், வலைவெளி, கருவாட்டுக் களம், மீன் ஏலமிடம், கடலுக்குச் செல்லும் பாதை, பார்களின் பெயர், பருவம், ஆழம் ஆகிய அனைத்தும் முதியோர் வாய்மொழியோடு தமிழில் பதிவுபெறல் வேண்டும். பார்களின் பெயர்களை அறிந்தோர் மறைந்தால், அவ்வுரிமைக்குச் சான்று கூறுவார் இரார். இரண்டாவது: அப் பதிவை ஊரவையில் முன்வைத்து ஏற்கச் செய்து, மாவட்ட ஆட்சியர்க்கும் கடற்கரை மேலாண்மை ஆணையத்திற்கும் அளித்தல் வேண்டும். ஊரவையின் ஏற்பு பெற்ற தாளை அலுவலர் எளிதில் ஒதுக்க முடியாது.

மூன்றாவது: எந்த முதலீட்டுத் திட்டத்திலும் பாதிப்புறுவோர் பட்டியல் பட்டாவைக் கொண்டன்றிப் பிழைப்பைக் கொண்டு வரையப்படல் வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கமே அதற்குப் போதுமான படை. நான்காவது: ஒரே கரையில் வரும் எல்லாத் திட்டங்களின் தாக்கமும் ஒருசேரக் கணக்கிடப்படல் வேண்டும். ஐந்தாவது: கடல் மூடப்படும் நாள்கட்குரிய ஈடு திட்டச் செலவிலேயே ஒதுக்கப்பட்டு, ஆண்டுதோறும் தானே வழங்கப்படல் வேண்டும், மீனவன் மனுவோடு அலைதல் கூடாது. ஆறாவது: வனவுரிமைச் சட்டம் போலக் கடற்கரை உரிமைச் சட்டம் ஒன்று தமிழகச் சட்டமன்றத்தில் இயற்றப்படல் வேண்டும். கடலும் கரையும் ஆறும் மக்களுக்காக அரசு காக்கும் பொறுப்புடைமைகள் என்று உச்ச வழக்குமன்றம் 1996-ஆம் ஆண்டின் தீர்ப்பில் கூறியுள்ளது. உடைமையாளன் விற்கலாம், காவலன் விற்றல் ஆகாது.

இவ் வேண்டுகைகளை எழுப்புமுன் ஊரும் தன்னைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். ஊர்க்குழுக்களில் பெண்கள் எத்துணைப் பேர்? மீனை விலையாக்கிக் குடும்பத்தைக் காப்பவள் பெண். ஊர் முடிவெடுக்கும் இடத்தில் அவளுக்கு இருக்கை இல்லை. வெளியாரிடம் உரிமை கேட்போர் வீட்டுக்குள் அதனை மறுத்தல் பொருந்தாது. அங்ஙனமே, கடற்கரையாரும் தேரியாரும் தனித்தனியே நின்றால் தனித்தனியே தோற்பர். சாதியும் சமயமும் நிலமெடுப்பு அறிவிக்கையில் குறிக்கப்படுவதில்லை. புல எண் மட்டுமே குறிக்கப்படுகிறது. புல எண்ணால் பிரிக்கப்படுவோர் மாந்தராய் ஒன்றுபடுதல் கடன்.

முதலீடு வரக்கூடாது என்பதன்று இவ்வுரையின் முடிபு. வேலையின்றிப் பிள்ளைகள் வளைகுடா நாடுகட்குச் செல்லும் ஊருக்கு வேலை வேண்டும். தூண்டில் வளைவும் மீன் இறங்குதளமும் குளிர்பதனக் கிடங்கும் வேண்டும். அவையும் முதலீடே. ஆனால் மாளிகை கட்டுவோன் முதலில் மனை யாருடையது என்று கேட்கிறான். ஒரு தனி மாந்தன் கேட்கும் வினாவை ஓர் அரசு கேட்க மறப்பது எங்ஙனம் தகும்? கேட்காது கட்டியவை மடகாசுகரிலும் காம்பெல்லாவிலும் நிலைக்கவில்லை. கேட்டுக் கட்டுவதில் காலம் சற்றுக் கூடும், கட்டியது நிற்கும்.

மணப்பாட்டு மேட்டில் நின்று கீழே பார்ப்போர்க்கு வரிசை வரிசையாக வள்ளங்கள் தெரியும். ஒவ்வொன்றும் தனக்கென ஓரிடத்தில் ஏற்றப்பட்டுள்ளது. ஒருவர் இடத்தில் மற்றவர் வள்ளத்தை ஏற்றுவதில்லை. அந்த ஒழுங்கை எந்த அரசும் வகுத்துத் தரவில்லை; எந்தக் காவலரும் நின்று காப்பதில்லை. ஊரின் நினைவில் எழுதப்பட்ட அந்தச் சட்டத்தை இனித் தாளிலும் எழுதவேண்டிய காலம் வந்துவிட்டது. வரும் ஊரவைக் கூட்டத்திற்கு முன் முதிய வலைஞர் ஒருவரோடு எழுதத் தெரிந்த ஓரிளைஞர் அமரட்டும். முதற்பார் ஒன்றின் பெயரைச் சொல்லட்டும், தமிழில் எழுதட்டும். அங்கிருந்து தொடங்கும் மண்ணுரிமை.

வாழ்க நெய்தல்! வெல்க உழைப்போர் உரிமை!